மலையிலிருந்து அகாதெமிக்கு நூல் அனுப்ப எந்தத் தபால்? ஸ்பீட் போஸ்ட், ஞான் போஸ்ட், கூரியர் – ஒரு மதிப்புரை

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நீலகிரியிலிருந்து சாகித்திய அகாதெமியின் விருதுக்கு நூல் அனுப்புகிறவர்களுக்கு ஏற்றது, ஊட்டியிலோ குன்னூரிலோ உள்ள பெரிய அஞ்சலகத்தில் முற்பகலில் பதிவுசெய்யும் ஸ்பீட் போஸ்ட்தான்; கூடவே ‘பதிவு’ வசதியையும் கேட்டு வாங்க வேண்டும். நூல்களுக்கென்றே அஞ்சல் துறை நடத்தும் ஞான் போஸ்ட் மலிவானது, நல்ல சேவை, ஆனால் இந்த வேலைக்கு ஆகாது. கூரியர் மூன்றாம் இடம். ஆனால் எந்தத் தபாலில் போட்டாலும் தவறான கட்டு தவறான கட்டுதான். விருதுக்குப் போகும் நூல்களில் கணிசமானவை வழியில் தொலைவதில்லை. பதிப்பு விவரம் அச்சிட்ட பதிப்புரிமைப் பக்கத்திலேயே தொலைந்துவிடுகின்றன. ஆகவே அங்கிருந்து தொடங்குவோம்.

அகாதெமியின் முதன்மை விருது 1955 முதல் வழங்கப்படுகிறது. ஒரு லட்சம் ரூபாயும் செப்புப் பட்டயமும். இதற்கு நெடுங்காலமாகப் பட்டியல் முறைதான் இருந்தது: நிபுணர்கள் அடிப்படைப் பட்டியல் தயாரிக்க, ஆலோசனைக் குழு உறுப்பினர்கள் பரிந்துரைக்க, அது சுருங்கிச் சுருங்கி மூன்று நடுவர்களிடம் வந்து சேரும். 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான யுவ புரஸ்கார் 2011இல் வந்தது. அதற்கு விளம்பரம் கொடுத்து நூல்களைக் கேட்டு வாங்குகிறார்கள். சிறார் நூல்களுக்கான பால் சாகித்திய புரஸ்கார் 2010இலிருந்தும் மொழிபெயர்ப்புப் பரிசு 1989இலிருந்தும் இருக்கின்றன. இந்த மூன்றுக்கும் தலா 50,000 ரூபாய். எந்த விருதுக்கு நூல் கேட்கிறார்கள், எத்தனை படி, எந்த முகவரிக்கு, என்ன தேதிக்குள் என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் மட்டுமே பார்க்க வேண்டும். போன வருடம் நண்பர் அனுப்பிய முறையைக் கேட்டு அனுப்புவது வீண் வேலை.

முதன்மை விருதின் காலக்கணக்கு பலரையும் குழப்புகிறது. 2024ஆம் ஆண்டு விருதுக்குக் கருதப்பட்டவை 2018 ஜனவரி 1 முதல் 2022 டிசம்பர் 31 வரை முதன்முறையாக வெளியான நூல்கள். அதாவது விருது ஆண்டுக்கு முந்தைய ஆண்டை விட்டுவிட்டு, அதற்கு முன்னுள்ள ஐந்து ஆண்டுகள். 2023இல் வந்த நூலுக்கு 2024இல் இடமில்லை. மாறாக, 2022 டிசம்பரில் வந்த நூலுக்கு 2024 முதல் 2028 வரை ஐந்து வாய்ப்புகள் உண்டு.

டிசம்பருக்கும் ஜனவரிக்கும் நடுவேதான் தமிழ்ப் பதிப்புலகத்தின் வழக்கமான சிக்கல் வருகிறது. சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில். அச்சாவதோ டிசம்பரில். நூல் புதிதாகத் தெரிய வேண்டும் என்று ‘முதற் பதிப்பு: ஜனவரி’ என்று போட்டுவிடுவார்கள். விற்பனைக்கு அது நல்லது. விருதுக் கணக்கில் ஓராண்டு தள்ளிப் போகும். இன்னும் மோசமானது திருவள்ளுவர் ஆண்டை மட்டும் போடும் பழக்கம். தமிழ்ப்பற்றில் குறையொன்றும் இல்லை, ஆனால் அந்த ஆண்டு தை முதல் நாளில் பிறக்கிறது. ‘தி.பி. 2053’ என்றால் 2022 ஜனவரி நடுவிலிருந்து 2023 ஜனவரி நடுவரைக்கும் எந்த நாளாகவும் இருக்கலாம். 2023 ஜனவரி முதல் வாரத்தில் காட்சி அரங்கில் வெளியிட்ட நூலுக்கும் அதே 2053தான். தில்லியில் கட்டைப் பிரிப்பவர் 31ஐக் கழித்து, மாதத்தையும் ஊகித்துக்கொண்டிருக்கப் போவதில்லை. ஆங்கில மாதமும் ஆண்டும் எண்ணில் இருந்தே ஆக வேண்டும்.

தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் வரும் நூல்களில் வேறொரு கோளாறு. பத்துப் பத்துப் படியாக அச்சிடும்போது ‘மூன்றாம் பதிப்பு: 2024’ என்று மாற்றுகிறார்கள், முதற் பதிப்பு வரியை அழித்துவிடுகிறார்கள். அந்தப் படியைப் பார்ப்பவருக்கு அது பழைய நூலின் மறுபதிப்பாகத் தெரியும். எல்லாப் பதிப்பு வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும் படியையே பதிப்பாளரிடம் கேளுங்கள். முடிந்தால் முதற் பதிப்பின் படியையே அனுப்புங்கள். முதல் வெளியீட்டுக்கு வேறு சான்று வேண்டுமென்றால் ஒரு வழி உண்டு: 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி பதிப்பாளர் ஒவ்வொரு நூலையும் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குத் தம் செலவில் கொடுக்க வேண்டும். கொடுத்ததற்கான ரசீது இருந்தால் அதைவிடத் தெளிவான ஆதாரம் இல்லை. பல சிறு பதிப்பகங்கள் இதைச் செய்வதே இல்லை என்பது வேறு விஷயம். ஐ.எஸ்.பி.என். எண்ணும் இலவசம்தான், ராஜா ராம்மோகன் ராய் முகமையின் இணையதளத்தில் பதிப்பாளரோ, தானே வெளியிடும் ஆசிரியரோ விண்ணப்பிக்கலாம். காசு கேட்டு வாங்கித் தருகிறேன் என்பவர்களிடம் போக வேண்டாம்.

உள்ளடக்கத்தில் எது தகுதி இழக்கும் என்பதும் கண்டிப்பானது. முதன்மை விருதுக்கு மொழிபெயர்ப்பு, தொகைநூல், சுருக்கம், பதிப்பித்த நூல், பட்டத்துக்காக எழுதிய ஆய்வேடு எதுவும் ஆகாது. பழைய கதைகளோடு புதியவற்றைச் சேர்த்த தொகுப்பென்றால், முக்கால் பங்காவது முதன்முறையாக நூல் வடிவில் வந்திருக்க வேண்டும். இதழ்களில் வந்த கதைகள் பிரச்சினை இல்லை. முந்தைய நூல்களில் வந்தவைதான் பிரச்சினை. வரலாறு, கட்டுரை எழுதுகிறவர்கள் ‘இது கதை கவிதைக்குத்தானே’ என்று ஒதுங்க வேண்டாம். 2024இன் தமிழ் விருது ஆ. இரா. வேங்கடாசலபதியின் வரலாற்று நூலுக்குத்தான் கிடைத்தது.

மலைக்கே உரிய ஒரு கேள்வி: படுக மொழியில் எழுதித் தமிழ் எழுத்தில் அச்சிட்ட நூலைத் தமிழ்ப் பிரிவில் அனுப்பலாமா? கூடாது. மொழிதான் கணக்கு, எழுத்து அல்ல. அகாதெமி ஏற்றிருக்கும் 24 மொழிகளில் படுகமும் இல்லை, தோடா, கோத்தர், இருளர் மொழிகளும் இல்லை. இப்படிப்பட்ட மொழிகளுக்கு உழைத்தவர்களுக்காக 1996இலிருந்து பாஷா சம்மான் இருக்கிறது. அதுவும் ஒரு லட்சம். படுக மக்களின் வாழ்வைத் தமிழில் எழுதிய நாவல் என்றால் அது தமிழ் நூல், தாராளமாக அனுப்பலாம்.

இனி கட்டுக்கு வருவோம். டெம்மி அளவில் 208 பக்க நூலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் 16 பக்கத் தொகுதியான ஃபாரம் பதின்மூன்று. 70 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாள் என்றால் இரண்டு பக்கம் கொண்ட ஓர் இதழ் ஏறத்தாழ 2.1 கிராம், 104 இதழுக்கு 220 கிராம் அளவில் வரும். 300 ஜி.எஸ்.எம். அட்டையும் பசையும் சேர்த்து ஒரு படி 240 கிராம். இரண்டு படி 480. நெளி அட்டை, பழுப்புத் தாள், கடிதம், சான்று நகல் எல்லாம் சேர்ந்தால் 500 கிராமைத் தாண்டிவிடும். ஸ்பீட் போஸ்ட்டின் ஆவணக் கட்டண அட்டவணை அந்த 500 கிராமோடு முடிகிறது. அதற்குள் அடங்கினால், 2025 அக்டோபர் முதல் நடப்பிலுள்ள விகிதத்தில், 2,000 கிலோமீட்டருக்கு மேல் 251–500 கிராமுக்கு 93 ரூபாய், ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி, ஏறக்குறைய 110. உங்கள் கட்டு ஆவணமா பார்சலா என்பதைக் கவுன்டரில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கட்டணத்துக்காக மட்டும் அல்ல. பார்சல் என்றால் கட்டும் விதமும் மாறும், ஒட்டியதைப் பிரித்துத் திரும்பக் கட்டுவது அஞ்சலக மேசையில் நடக்கிற காரியம் இல்லை.

கட்டுவதற்கு முன் ஒவ்வொரு படியையும் முழுவதும் புரட்டிப் பாருங்கள். ஃபாரம் மாறியிருக்கும், ஒரே ஃபாரம் இரண்டு முறை வந்திருக்கும், நடுவே வெள்ளைப் பக்கம் இருக்கும். நடுவர் கைக்குப் போகும் படியில் 96ஆம் பக்கத்துக்குப் பின் மறுபடி 81 வந்தால் அந்த நூலின் கதை அங்கேயே முடிந்தது. பதிப்பகம் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க மனம் வராதுதான். பிரித்தே ஆக வேண்டும்.

பிரித்துவிட்டால் ஈரத்துக்கு என்ன செய்வது? இங்கேதான் சமவெளி ஆலோசனைகள் பலிப்பதில்லை. குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசி கார்த்திகை மழையில் தாள் ஈரத்தை இழுத்து அட்டை வெளிப்பக்கமாகச் சுருளும். கூடலூர், பந்தலூரில் அதே கதை ஆனியிலும் ஆடியிலும். பசை வைத்து ஒட்டிய பைண்டிங், ஈரத்தில் இளகிச் சமவெளி வெயிலில் உலர்ந்தால் முதுகில் விரிசல் விடும். மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் கடையில் பாலித்தீன் உறை கேட்டுப் பயனில்லை. படிகளை ஒரு நாள் முழுக்க உலர்ந்த அறையில் கனமான பலகையின் கீழ் வைத்துத் தட்டையாக்கி, பட்டர் பேப்பரில் தனித்தனியாகச் சுற்றி, முதுகுகள் எதிரெதிர்ப் பக்கம் இருக்கும்படி அடுக்கி, மேலும் கீழும் நெளி அட்டை வைத்து, வெளியே இரண்டு சுற்று மெழுகுத்தாளும் பழுப்புத்தாளும் போட்டால் போதும். நெளி அட்டை நூலைவிட நான்கு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் நீண்டிருக்கட்டும். மூலை மடங்குவது அந்த ஒரு சென்டிமீட்டரில் தடுக்கப்படும். சணல் கயிறு வேண்டாம், விளிம்பை அறுக்கும்.

நூலில் ‘அன்புடன்’ என்று கையெழுத்திட வேண்டாம். நடுவருக்குப் பரிசளிப்பதுபோல் தோன்றும் எதுவும் வேண்டாம். பத்திரிகை மதிப்புரைகளின் நகல், பிரபலங்களின் வாழ்த்து, சால்வை போர்த்திய படம் இவையெல்லாம் எடையைத்தான் கூட்டும்.

உள்ளே வைக்கும் கடிதம் ஒரு பக்கம், தட்டச்சில், ஆங்கிலத்தில் இருப்பது நல்லது. கட்டைப் பிரித்துப் பதிவேட்டில் ஏற்றுபவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. விருதின் பெயர், ஆண்டு, மொழி, நூலின் பெயர் தமிழிலும் ரோமன் எழுத்திலும், ஆசிரியரின் சான்றிதழ்ப் பெயரும் புனைபெயரும், பதிப்பகம், முதற் பதிப்பின் மாதம், ஆண்டு, படிகளின் எண்ணிக்கை, இணைப்புகள். இவ்வளவுதான். இதே விவரத்தில் நான்கு வரியை ஒரு துண்டுச் சீட்டில் அடித்து ஒவ்வொரு படிக்குள்ளும் ஒட்டாமல் செருகிவிடுங்கள். படிகள் பிரிந்து வெவ்வேறு மேசைக்குப் போகும்போது உதவும்.

யுவ புரஸ்காருக்கு வயதுச் சான்று தேவை. விருது ஆண்டின் ஜனவரி முதல் தேதியில் 35 அல்லது அதற்குக் கீழ் என்பதுதான் வரம்பு. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ‘சு. முருகேசன்’ என்றும் அட்டையில் வேறொரு புனைபெயரும் இருந்தால் இருவரும் ஒருவரே என்று பதிப்பாளர் தம் தாளில் எழுதிக் கையொப்பமிட்ட ஒரு வரிக் கடிதம் வையுங்கள். தலைப்பெழுத்து முன்னா பின்னா, விரித்து எழுதியதா இல்லையா என்பதும் தமிழ்ப் பெயர்களில் தீராத தொல்லை. ஆதார், சான்றிதழ், கடிதம் மூன்றிலும் ஒரே வடிவம் இருந்தால் பின்னாளில் அலைச்சல் இல்லை.

முகவரி எழுதுவதிலும் மூன்று குழிகள் உள்ளன. அகாதெமிக்குத் தில்லியில் தலைமையகம், பெங்களூரில் மண்டல அலுவலகம், சென்னை தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகம். தமிழ் நூல்தானே, சென்னை கிட்டத்தானே என்று அறிவிப்பில் இல்லாத இடத்துக்கு அனுப்பக் கூடாது. இரண்டாவது, தில்லியிலேயே விற்பனைப் பிரிவு மந்திர் மார்க்கில் ‘ஸ்வாதி’ என்ற கட்டடத்தில் இருக்கிறது. அதன் பின்கோடும் தலைமையகத்தைப் போல 110001தான். பழைய விலைப்பட்டியலைப் பார்த்து முகவரி எழுதினால் கட்டு அங்கே போய் நிற்கும். மூன்றாவது, தலைமையகம் இருக்கும் பெரோஸ்ஷா சாலை 35ஆம் எண் ரவீந்திர பவனில் சங்கீத நாடக அகாதெமியும் லலித் கலா அகாதெமியும் கூட இருக்கின்றன. ‘செயலாளர், சாகித்திய அகாதெமி’ என்பது பெரிய எழுத்தில் முதல் வரியாக இருக்கட்டும். உறையின் இடது மேல் மூலையில் விருதின் பெயரும் ‘தமிழ்’ என்பதும் ஆங்கிலத்தில்.

சரி, எதில் அனுப்புவது? நூல்களைக் குறைந்த கட்டணத்தில் அனுப்பிய பழைய புக் போஸ்ட் காலம் முடிந்துவிட்டது. பதிவு செய்த புக் போஸ்ட்டை 2024 டிசம்பரில் நிறுத்தினார்கள். சிறு பதிப்பகங்களின் வயிற்றில் அது அடித்த அடி சாதாரணமில்லை. அந்த இடத்தை ஓரளவு நிரப்ப 2025 மே முதல் தேதி வந்ததுதான் ஞான் போஸ்ட். 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. உறையில் ‘ஞான் போஸ்ட்’ என்று எழுத வேண்டும். நூலில் அச்சகத்தார் அல்லது பதிப்பாளர் பெயர் இருக்க வேண்டும். உள்ளே விளம்பரம் கூடாது. எங்கே போகிறது என்று எண் போட்டுப் பார்க்கவும் முடியும். வாசகருக்கு அனுப்ப, நூலகத்துக்கு அனுப்ப இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. ஆனால் தரைவழிப் போக்குவரத்துதான். எந்த நாளில் சேரும் என்று கையில் அடித்துச் சொல்ல முடியாது. தவிர, கடிதமும் வயதுச் சான்றும் வைத்த கட்டு வெறும் நூல் கட்டு அல்ல. கடைசித் தேதி உள்ள எதையும் இதில் போட வேண்டாம்.

பதிவுத் தபால் 2025இல் ஸ்பீட் போஸ்ட்டில் கலந்துவிட்டது. இப்போது ஸ்பீட் போஸ்ட் கேட்டு, கூடுதலாக ஐந்து ரூபாய் கொடுத்து ‘பதிவு’ சேர்த்துக்கொள்ள வேண்டும். அதைச் சேர்த்தால்தான் முகவரிக்குரியவரிடமோ அவர் அதிகாரம் கொடுத்தவரிடமோ கையெழுத்து வாங்கிக் கொடுப்பார்கள். சொல்லாமல் விட்டால் கவுன்டரில் தாமாகச் சேர்க்க மாட்டார்கள். அதே அட்டவணையில் ஓ.டி.பி. சொல்லிப் பெறும் வசதியும் இருக்கிறது. அதை எடுக்காதீர்கள். பெறுவது ஓர் அலுவலகம். குறுஞ்செய்தி யாருடைய கைபேசிக்குப் போகும்? தனிமனிதருக்கு அனுப்பத்தான் அது.

மலையில் பதிவுசெய்யும் கட்டு உடனே தில்லி கிளம்பிவிடாது. கிராமக் கிளை அஞ்சலகத்தில் கொடுத்தால் அது துணை அஞ்சலகத்துக்கு, பிறகு பெரிய அஞ்சலகத்துக்கு, அங்கிருந்து மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவைக்கு. ஒவ்வொரு இடத்திலும் பை கட்டும் நேரம் ஒன்று உண்டு. அது தவறினால் அன்றைய நாள் போயிற்று. ஆகவே எடப்பள்ளியிலோ கட்டபெட்டிலோ இருப்பவர் பஸ் ஏறிக் குன்னூரில் கொடுப்பது, பஸ் காசைக் கணக்கில் சேர்த்தாலும் லாபம். முற்பகலில் போங்கள். வெள்ளி, சனி வேண்டாம். மத்திய அரசு அலுவலகங்களுக்கு வாரம் ஐந்து நாள்தான், கட்டு வார இறுதியில் போய்ச் சேர்ந்தால் திருப்பி எடுத்துக்கொண்டு போய் மீண்டும் கொண்டுவர வேண்டியிருக்கும். திங்கள் அல்லது செவ்வாய் நல்லது.

எவ்வளவு முன்னதாக? அனுப்பிய தேதியல்ல, சேர்ந்த தேதிதான் கணக்கு என்று எடுத்துக்கொண்டு, கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பு. சமவெளிக்காரர்களுக்கு இது அதிகமாகத் தோன்றும். 2009 நவம்பர் மண்சரிவில் மலைப்பாதைகள் நாள்கணக்கில் துண்டிக்கப்பட்டன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. பர்லியாறு பக்கம் ஒரு மரம் விழுந்தாலே கீழே போகும் வண்டி கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும். சில நாள் அந்த வழியும் இருக்காது. ஏப்ரல், மே சீசன் நெரிசலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கூரியரில் ஒரு வசதி உண்டு, வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்வார்கள். அதுவும் ஊட்டி, குன்னூர் நகரத்துக்குள். மற்றபடி அவர்களும் கோவைக்கு இறக்கித்தான் ஏற்றுகிறார்கள். ‘சேர்ந்தது’ என்ற ஒற்றை வார்த்தையோடு நின்றுவிடும் ரசீது, தகராறு வந்தால் உதவாது.

ஸ்பீட் போஸ்ட் ரசீதில் 13 இடங்கள் கொண்ட எண் இருக்கும்: இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் ஐ.என். அதை அன்றே படமெடுத்து வையுங்கள், ரசீதின் அச்சு சில மாதங்களில் வெளிறிவிடுகிறது. கட்டு சேர்ந்த அன்று இணையப் பக்கத்தில் வரும் விவரத்தையும் அச்செடுத்துக் கடித நகலோடு சேர்த்து வைக்கலாம். அகாதெமியிலிருந்து தனியாகப் பதில் வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

முதன்மை விருதின் காலவரம்பு ஐந்து ஆண்டு ஓடுகிறது என்பதால் ஒரு பத்துப் படியாவது கையில் இருக்கட்டும். சிறு பதிப்பகத்தில் மூன்றாம் ஆண்டே ‘ஸ்டாக் இல்லை’ என்பார்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைத்தால் இரண்டு மழைக்காலத்தில் பூஞ்சைப் புள்ளி விழும். உள்சுவர்ப் பக்கம், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், நூல்களை நெருக்காமல் நிற்கவைத்து, மார்கழி தை வெயிலில் ஒருமுறை வெளியே எடுத்து விரித்து நிழலில் காயவைத்து உள்ளே வையுங்கள். நேர்வெயில் பட்டால் அட்டையின் சிவப்புதான் முதலில் போகும்.